திரும்பி வந்த முறுக்கு டின்

செந்தூல்காரி:
போன தீபாவளிக்கு மேல்வீட்டு அக்காவுக்கு முறுக்கு கொடுத்துவிட்டேன். மூணாம் நாள் டின் எங்க கேட்டில் தொங்குது. நான் ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கல. பத்து வருசப் பழக்கம். அவங்க வீட்டிலேர்ந்து டின் வெறுமனே வந்ததில்ல, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் வரும். அந்த டேப்பைப் பார்த்தப்பதான் உறைச்சது: ரெண்டு மாசமாவே என்னைக் கண்டா அடுத்த லிஃப்டுக்கு நின்னுடறாங்க. எங்க பாத்ரூம் கூரை ஒழுகுதுன்னு அடுக்குமாடி நிர்வாக ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தேன். அதுக்கா இவ்வளவு?

கிள்ளான் ரோடு அண்ணன்:
தங்கச்சி, உங்க மேல தப்பில்ல. எனக்கும் நடந்துச்சு. மேல்வீட்டுக்காரன்கிட்ட எட்டு மாசம் வாயாலயே சொன்னேன், கடைசியில "எப்ப சொன்னீங்க?"ன்னுட்டான். எழுத்துல கொடுத்ததுதான் சரி. நம்ம மலேசியாவில 2015 ஸ்ட்ராத்தா (அடுக்குமாடி நிர்வாக) விதிமுறைப்படி, கூரை ஒழுகினா மேல்வீட்டிலேர்ந்துதான்னு எடுத்துக்குவாங்க. இல்லேன்னு நிரூபிச்சாதான் மாறும். புகார் கிடைச்ச 7 நாளுக்குள்ள நிர்வாகம் வந்து பார்க்கணும். பார்த்த 5 நாளுக்குள்ள, எதனால ஒழுகுதுன்னு சான்றிதழ் தரணும். செலவுல தகராறு வந்தா ஸ்ட்ராத்தா தீர்ப்பாயம் இருக்கு, 250,000 ரிங்கிட் வரைக்கும் கேட்கலாம். தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. பைப்காரர் ரசீதைத் தொலைச்சிடாதீங்க.

ஆயர் ஈத்தாம்:
அண்ணே, அவங்க டின்னைப் பத்திக் கேட்கறாங்க, நீங்க ரசீதுக்குப் போயிட்டீங்க. பினாங்கு தைப்பூசத்துக்கு நாங்க தண்ணீர்ப் பந்தல் போடுவோம். ஒரு வருசம் கூட்டாளிங்க ரெண்டு பேர் அண்டா வாடகைக்காக மூணு வாரம் சண்டை. நான் நடுவுல நின்னு இவன் சொன்னதை அவன்கிட்ட, அவன் சொன்னதை இவன்கிட்டன்னு கொண்டுபோய் இன்னும் கெடுத்தேன். கடைசியில ரெண்டு பேரையும் ஒரே மேசையில உட்கார வச்சப்ப ஒருத்தன் சொன்னான்: "பேனர்ல எங்கப்பா பேரை எடுத்துட்டீங்க." அண்டாவைப் பத்தி அதுக்கப்புறம் யாரும் பேசல. அக்காகிட்ட நேரா போய்க் கேளுங்க. ஆள் அனுப்பாதீங்க, வாட்ஸ்அப்பும் வேணாம்.

கிள்ளான் ரோடு அண்ணன்:
கேட்கறது சரி தம்பி. கூரை ஒழுகறது நிக்குமா?

செந்தூல்காரி:
இன்னிக்குச் சாயங்காலம் போனேன். கதவு பாதிதான் திறந்துச்சு. "என்மேல என்ன கோபம்க்கா?"ன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "கதவுல நோட்டீஸ் ஒட்டினாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை படிச்சுச் சொல்லித்தான் உன் வீட்ல ஒழுகுதுன்னே எனக்குத் தெரியும்"ன்னாங்க. எனக்குப் பதிலே வரல. மாடிப்படி ஏறி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லல. மன்னிப்புக் கேட்டேன். உள்ளே கூப்பிட்டாங்க. சனிக்கிழமை பைப்காரர் வர்றார். காசு யார் கொடுக்கறதுன்னு இன்னும் பேசல.