எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலரில் வெப் சர்வர் கொஞ்ச நேரத்தில் பேச்சை நிறுத்திவிடுகிறது

கேள்வி: எல்டபிள்யூஐபி (சின்ன போர்டுகளுக்கான டிசிபி/ஐபி நெட்வொர்க் ஸ்டாக்) தரும் ரா ஏபிஐ-யில் சின்ன சர்வர் ஒன்று ஓடுகிறது, பத்து நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் பிரவுசர் சுற்றிக்கொண்டே நிற்கும். பிங் மட்டும் வருகிறது. ராம் போதவில்லையா?

பதில் 1: பிங் வந்தால் நெட்வொர்க் உயிரோடுதான் இருக்கிறது, கனெக்‌ஷன்தான் தீர்ந்துவிட்டது. ஒரே நேரத்தில் எத்தனை டிசிபி இணைப்பு இருக்கலாம் என்று சொல்லும் மெம்ப்_நம்_டிசிபி_பிசிபி இயல்பாக 5 மட்டுமே, ஆனால் குரோம் ஒரே சர்வருக்கு 6 கனெக்‌ஷன் வரை திறக்கும். ரிசீவ் கால்பேக்கில் (டேட்டா வந்தால் ஸ்டாக் கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) பிபஃப், அதாவது டேட்டா பஃபர், NULL (காலி) என்று வந்தால் எதிர்முனை மூடிவிட்டது என்று அர்த்தம், அங்கே டிசிபி_குளோஸ் போடுகிறீர்களா?

கேள்வி கேட்டவர்: போடுகிறேன். வைஃபை விட்டு வெளியே போன போன்களால்தான் சிக்கிக்கொள்கிறது போல.

பதில் 2: அதேதான். போன் சொல்லாமல் போய்விட்டால் மூடும் செய்தியே வராது. குறித்த இடைவெளியில் உங்கள் கால்பேக்கைக் கூப்பிடும் டிசிபி_போல்-ஐ 10 என்று வையுங்கள், அது அரை விநாடிக் கணக்கு, அதாவது சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை கூப்பிடும். சும்மா கிடப்பதை டிசிபி_அபார்ட் செய்து உடனே துண்டியுங்கள், ஆனால் கால்பேக்கிலிருந்து எர்_ஏபிஆர்டி (துண்டித்துவிட்டேன் என்று சொல்லும் எரர் கோட்) திருப்பியே ஆக வேண்டும், இல்லையென்றால் விடுவித்த மெமரியையே ஸ்டாக் மறுபடி தொடும்.

பதில் 3: சென்சார் அளவுதான் அனுப்புகிறீர்கள் என்றால் போர்டை எதற்குச் சர்வராக்க வேண்டும்? எம்க்யூடிடி (நடுவில் உள்ள ஒரு சர்வர் வழியாகச் செய்தி அனுப்பும் முறை) கிளையன்ட் ஆக்கினால் ஒரே கனெக்‌ஷன், ரவுட்டரில் போர்ட் திறக்கும் தலைவலியும் இல்லை.