பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளையே பேச விட்டால் சரிப்படுமா? (ஒன்பதாம் வகுப்பு)

கோத்தகிரி_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான், 42 பிள்ளைகள். பெற்றோர் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா வரிசையில் நிற்பார், நான் மார்க்கைக் காட்டி "கணக்குல கொஞ்சம் கவனிக்கணும்மா" என்பேன், அவர் பிள்ளையை முறைப்பார், கையெழுத்துப் போடுவார், அடுத்தவர் வருவார். மொத்தம் இரண்டு நிமிடம். அதற்காக ஒரு நாள் கொழுந்து பறிக்கும் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார். யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அந்தப் பிள்ளை மட்டும் வாயே திறக்காது.

அமெரிக்காவில் சான் டியாகோவில் 2000-ல் தொடங்கிய ஹை டெக் ஹை என்ற பள்ளியில் ஆசிரியர்களுக்கும் வீட்டாருக்கும் முன்னால் பிள்ளைகளே நின்று, இந்த வருஷம் என்ன கற்றேன், எங்கே சறுக்கினேன் என்று தங்கள் வேலைகளைக் காட்டிப் பேசுகிறார்கள் என்று படித்தேன். அரையாண்டுக்கு அப்புறம் அதே மாதிரி ஒரு நாள் வைக்கலாமா என்று யோசனை. நம் நீலகிரி மலையில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? 42 பேருக்கு நேரம் எப்படிப் பிரிப்பது?

குன்னூர்_அப்பா

டீச்சர், செய்யுங்கள், ஆனால் என் மகள் படிக்கும் பள்ளியில் (பெயர் வேண்டாம்) செய்த மாதிரி செய்துவிடாதீர்கள். போன வருஷம் பிள்ளைகளே பேசுவார்கள் என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். போனால் வாசலில் ஃபிளெக்ஸ், உள்ளே தெர்மாகோல், மகள் யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டு மலை ரயில் பற்றி இங்கிலீஷில் ஒப்பிக்கிறாள். 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம், 2005-ல் யுனெஸ்கோ. மூச்சு விடவில்லை. எனக்கே பாதி புரியவில்லை, பக்கத்தில் என் அம்மா சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சரி, ஏதாவது கேட்போம் என்று, "ஏம்மா, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது இன்ஜின் ஏன் பின்னாலேயே இருக்கு?" என்றேன். திருதிருவென்று விழித்துவிட்டு "அது என் பார்ட் இல்லப்பா, இன்னொரு பொண்ணோடது" என்றாள். பிறந்ததிலிருந்து அந்த ரயில் ஊதுகிற சத்தம் கேட்டு வளர்ந்தவள்! அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தண்டவாளத்துக்கு நடுவில் இருக்கும் பல் வரிசையைப் பார்த்தாள், கீழே கல்லாறு ஸ்டேஷன் வரைக்கும் இது உண்டு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பெட்டி கழண்டுக்கிட்டா கீழ ஓடிடக் கூடாதுன்னுதான் இன்ஜினைக் கீழ்ப்பக்கம் வச்சுத் தள்ள விடறாங்களாப்பா?" என்று அவளே கேட்டாள். அந்தப் பத்து நிமிடத்தைப் பள்ளியில் காட்டியிருந்தால் நான் கை தட்டியிருப்பேன்.

இன்னொன்று, வீட்டில் என்ன மொழியோ அதில் பேச விடுங்கள். உங்கள் பக்கம் பாதி வீடுகளில் படுகு பேசுவார்கள், அதில் பேசினால்தான் என்ன?

பந்தலூர்_வாத்தியார்

நாங்கள் இரண்டு வருஷமாகச் செய்கிறோம். நேரத்துக்குப் பயப்படாதீர்கள் மேடம். ஒரே சமயத்தில் நான்கு குடும்பம், வகுப்பின் நான்கு மூலையில். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். உங்கள் 42 பேருக்குப் பதினோரு சுற்று, மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நீங்கள் எந்த மூலையிலும் உட்காராமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், பேசுவது பிள்ளைதான். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், கூலி போகாது. மார்க் ஷீட்டை மட்டும் அன்றைக்குக் கொடுத்துவிடாதீர்கள், கொடுத்தால் எல்லார் கண்ணும் அதிலேயே போய் நின்றுவிடும்.

என்ன காட்டச் சொல்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முடித்த வேலை ஒன்று, அதே வேலையின் முதல் அடித்தல் திருத்தல் ஒன்று, இரண்டும் கட்டாயம் என்றோம். ஒரு பையன் ஜூனிலிருந்து மழை அளந்தான். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை வெட்டி, வாய்ப்பகுதியைக் கவிழ்த்துப் புனலாக வைத்த மழைமானி. (நம் மாவட்டத்தில் அந்த பாட்டிலுக்குத் தடை, இது கேரளாவின் சுல்தான் பத்தேரியிலிருந்து எல்லை தாண்டி வந்தது என்று அவனே சொல்லிச் சிரித்தான்.) முதல் மாதக் கணக்கு முழுக்கத் தப்பு. பாட்டிலின் அடி குண்டும் குழியுமாக இருக்கும் இல்லையா, அதையும் சேர்த்து ஸ்கேல் வைத்திருக்கிறான். அப்புறம் அடியில் கூழாங்கல் போட்டு, நேராக இருக்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போட்டிருக்கிறான். நோட்டில் அந்த மாதம் முழுக்கச் சிவப்பு மையில் அடித்திருந்தது, அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்து காட்டினான்.

அவன் தாத்தா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மில்லிமீட்டர் இருக்கட்டும்டா, மழையால எத்தனை நாள் வேலை நின்னுச்சு, அதை எழுதினியா?" என்றார். பையனிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தான். நான் இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதில்லை.

காலேஜ்_போயாச்சு

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான் ஊட்டியில் படித்தேன், குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கெல்லாம் போயிருக்கிறேன், பேசுவது எனக்குப் பிடிக்கும். என் பெஞ்ச்மேட்டுக்கு அப்பா குடித்துவிட்டு வந்துவிடுவாரோ என்பதே பெரிய கவலை, கூட்டம் என்று நோட்டீஸ் வந்தாலே இரண்டு நாள் காய்ச்சல் என்று லீவு போடுவான். அவனை நான்கு மூலையில் ஒன்றில் உட்கார வைத்துவிட்டு யாரும் வராமல் போனால்?

பந்தலூர்_வாத்தியார்

நியாயமான கேள்வி தம்பி. எங்களுக்கும் முதல் வருஷம் ஐந்து பேருக்கு யாரும் வரவில்லை. யார் வருவார்கள் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும் என்று அப்புறம் மாற்றினோம். பாட்டி, சித்தி, பழைய மாணவர், யாராக இருந்தாலும் சரி. ஒரு பொண்ணு எங்கள் சத்துணவு அக்காவைக் கூப்பிட்டாள். அந்த அக்கா கேட்ட கேள்விகளுக்குப் பதினைந்து நிமிடம் போதவில்லை.

கோத்தகிரி_டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. அடித்தல் திருத்தல் பக்கத்தைக் கட்டாயம் ஆக்குகிறேன், எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் என்பதால் மழைமானியையும் சுட்டுக்கொள்கிறேன். "யாரைக் கூப்பிடப் போகிறாய்" என்று ஒரு சீட்டில் தனியாக எழுதி வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன், வகுப்பில் சத்தமாகக் கேட்க வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் இன்றைக்கே சொல்லிவிட்டேன். நல்ல யோசனை என்றார். சீஃப் கெஸ்ட்டாக யாரைக் கூப்பிடலாம், பேனர் எத்தனை அடி என்றும் கேட்டார். இதற்கு என்ன பதில் சொல்வது, அதையும் யாராவது சொல்லுங்கள்.