மகளுக்கு அமெரிக்க ‘சம்மர் வொர்க்’ விசா: முன்பணம் கட்டலாமா?

கட்டபெட்டு அப்பா:
வணக்கம். மகள் ஊட்டியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கோயம்புத்தூர் ஏஜென்ட் ஒருவர், அமெரிக்காவில் நான்கு மாதம் ஆப்பிள் தோட்ட வேலை, ஜே-1 விசா, பிறகு அங்கேயே வேலை விசாவாக மாற்றித் தருகிறேன் என்கிறார். மொத்தம் 4 லட்சம். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 முன்பணம் வேண்டுமாம். எனக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர் தேயிலை. ஃபாக்டரி கொடுக்கிற விலையில் கவாத்துக் கூலிக்கே இழுபறி. நகையைத்தான் அடகு வைக்க வேண்டும். மகளோ இப்போதே பெரிய சூட்கேஸ் கேட்கிறாள். இப்படி ஒரு விசா உண்மையிலேயே இருக்கிறதா? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

சிம்ஸ் பார்க் பக்கத்து வீடு:
ஐயா, விசா உண்மைதான். அவர் சொல்கிற ஆப்பிள் தோட்டம்தான் இடிக்கிறது. ஜே-1 என்பது பரிமாற்றத் திட்டங்களுக்கான விசா, அதில் பல பிரிவுகள் உண்டு. மாணவர்கள் கல்லூரி விடுமுறையில் வேலைக்குப் போவது ‘சம்மர் வொர்க் டிராவல்’. அதில் விவசாய வேலையே கூடாது, கட்டட வேலையும் கூடாது. ஹோட்டல், நீர் விளையாட்டுப் பூங்கா, ஐஸ்கிரீம் கடை மாதிரி இடங்கள்தான். நம் ஊர் சீசன் வேலை போலத்தான், சம்பளம் டாலரில்.

நான் 2019-ல் விஸ்கான்சின் டெல்ஸ் என்கிற ஊருக்குப் போனேன். ஊட்டி மாதிரியே சுற்றுலாவை நம்பிப் பிழைக்கிற ஊர். ஹோட்டலில் அறை சுத்தம் செய்கிற வேலை, மணிக்கு 9 டாலர். நான்கு பேர் தங்கிய அறைக்கு வாரம் 95 டாலர் வாடகை. கூட்டம் இல்லாத வாரம் 22 மணி நேரம்தான் வேலை கொடுத்தார்கள். வாடகை மட்டும் குறையவில்லை. இரண்டாவது வேலை தேடினேன். அதற்கும் ஸ்பான்சர், அதாவது இந்தத் திட்டத்தை நடத்துகிற அமைப்பின், அனுமதி வாங்காமல் சேர முடியாது. முதல் இரண்டு சம்பளச் சீட்டில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் என்று அந்த ஊர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவத்துக்கான வரியைப் பிடித்துவிட்டார்கள். ஜே-1 மாணவரிடம் அதைப் பிடிக்கக் கூடாது; சீட்டைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். வருமான வரி பிடிப்பார்கள், அது வேறு. டிக்கெட் செலவு போக மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனாலும் போனதில் வருத்தமில்லை. (கொண்டுபோன வர்க்கி சூட்கேஸிலேயே தூளாகிவிட்டது. அந்தத் தூளையும் பல்கேரியப் பையன் ஒருவன் டீயில் போட்டுக் குடித்தான்.)

ஏஜென்டிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஸ்பான்சர் யார்? வேலை கொடுக்கும் இடம் எது? அமெரிக்க வெளியுறவுத் துறை அனுமதித்த ஸ்பான்சர்கள் மட்டுமே டி.எஸ்.2019 என்கிற படிவம் கொடுக்க முடியும். அந்தப் பட்டியல் துறையின் இணையதளத்திலேயே இருக்கிறது. இந்திய மாணவருக்கு வேலை உறுதியான பிறகுதான் அந்தப் படிவம் வரும். அது இல்லாமல் சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போய்ப் பயனில்லை. விசா கட்டணம் எங்கள் காலத்தில் 160 டாலர், 2023-ல் 185 ஆக்கினார்கள். செவிஸ் என்கிற அமெரிக்க அரசின் மாணவர் பதிவுக்கான கட்டணம் இந்தப் பிரிவுக்கு 35 டாலர். அதற்கு மேல் ஸ்பான்சர் கட்டணம், காப்பீடு, டிக்கெட். 4 லட்சம் எதெதற்கு என்று எழுத்தில் கேளுங்கள்.

‘மாற்றித் தருகிறேன்’ என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். படிப்பை முடிக்கத் திரும்பி வருவாள் என்று அதிகாரிக்குத் தோன்றினால்தான் விசாவே கிடைக்கும். திட்டம் முடிந்தபின் 30 நாள் ஊர் சுற்றலாம், வேலை செய்யக் கூடாது.

கோத்தகிரி மலர்:
அண்ணா, நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருக்கிறேன். நான்கு மாதம் என்பது உச்ச வரம்புதான். கல்லூரியின் நீண்ட விடுமுறை அதைவிடக் குறைவு என்றால் அத்தனை நாள்தான் கணக்கு. நம் பக்கம் செமஸ்டர் தேர்வு முடியவே ஏப்ரல் கடைசி, மே ஆகிவிடுகிறது. ஜூனில் திறந்துவிடுவார்கள். ஆறு, ஏழு வாரத்துக்கு இவ்வளவு செலவா? முதலில் மகளின் கல்லூரியில் தேதியைக் கேளுங்கள்.

சிம்ஸ் பார்க் பக்கத்து வீடு:
அக்கா சொல்வது சரி, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். எங்களுடையது தேர்வுத் தேதியைத் தானே வைத்துக்கொள்கிற தன்னாட்சிக் கல்லூரி, அந்த வருடம் பத்து வாரம் கிடைத்தது. அதற்கே ஓட்டமாக இருந்தது.

கட்டபெட்டு அப்பா:
நன்றி தம்பி, நன்றி அம்மா. ஏஜென்டுக்குப் போன் போட்டேன். ஸ்பான்சர் பெயரைக் கேட்டால், “பணம் கட்டினதும் ஃபைலில் வரும்” என்கிறார். ஆப்பிள் தோட்டம் கூடாதாமே என்றேன். அப்போ ஹோட்டல் போட்டுக்கலாம் என்றார், ஏதோ டிபனை மாற்றுகிற மாதிரி. முன்பணம் கட்டவில்லை. மகள் இரண்டு நாளாகப் பேசவில்லை. அம்மா, கல்லூரியில் விடுமுறைத் தேதியைக் கடிதமாகக் கேட்டால் கொடுப்பார்களா? நான் வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள்.