விழுதிச் செடியும் வெள்ளைப் பட்டாம்பூச்சியும்

கவிதா: தெருக்கோடி காலிமனை வேலியில் காலையிலிருந்து ஒரே வெள்ளைப் பட்டாம்பூச்சிகள். நம் தெரு வாட்ஸ்அப் குழுவில் நாலு படம் போட்டிருக்கிறேன். ஒன்று பளிச்சென்று வெள்ளை, இன்னொன்று புகை படிந்த மாதிரி. வேறு வேறு இனமா ராஜி அக்கா?

ராஜி: ஒரே இனம்தான் கவிதா, பயனீர் என்பார்கள். முன்சிறகின் மேல்விளிம்பிலிருந்து ஒரு கருங்கோடு இறங்கிக் கொக்கி மாதிரி வளையும், அதுதான் அடையாளம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார், கொக்கி மெல்லிசு, ஓரத்துக் கருப்பும் குறைவு, அது ஆண். நான்காவதில் கொக்கி தடித்து, பின்சிறகு ஓரம் முழுக்க அகலக் கருப்பாக இருக்கிறதே, அது பெண்.

முருகேசன் மாமா: மாடியில் முட்டைக்கோஸ் வைத்திருக்கிறேன் ராஜிம்மா. மருந்து அடிக்கட்டுமா?

ராஜி: வேண்டாம் மாமா. கோஸைத் தின்கிற வெள்ளை வேறு. இதன் புழுவுக்கு விழுதி, ஆதொண்டை, தொரட்டி வகைச் செடிகள்தான் சாப்பாடு. அந்த வேலி முழுக்க விழுதி, அதனால்தான் இவ்வளவு கூட்டம்.

சிவா: அத்தை, ஒன்று சிறகை விரித்து வாலை மேலே தூக்கிக்கொண்டு இருக்கிறது, இன்னொன்று மேலேயே சுற்றுகிறது. முட்டை போடுகிறதா?

ராஜி: நல்லா கவனித்திருக்கிறாய்டா! வாலைத் தூக்கியது பெண், "எனக்கு விருப்பமில்லை, போ" என்று மேலே சுற்றுகிற ஆணிடம் சொல்கிறது. முட்டை போடும்போது வயிற்றை இலைப் பக்கம் கீழே வளைக்கும். அப்புறம் இன்னொன்று, குழாயடி ஈர மண்ணில் கும்பலாக உட்கார்ந்து உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள், மண்ணிலிருக்கும் உப்புக்காக.

பானு: எங்கள் தொட்டிப் பக்கம் ரொம்பச் சின்னதாக ஒன்று, தரையை ஒட்டித் தள்ளாடித் தள்ளாடிப் பறக்கிறது. முன்சிறகில் ஒரு கரும்பொட்டு.

ராஜி: அது சைக்கி என்கிற வேறு பட்டாம்பூச்சி, பானு. பக்கத்தில் அதன் புழு தின்கிற நாய்வேளைச் செடி முளைத்திருக்கும் பார். இதில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி, சிறகைப் பார்த்துச் சொல்ல வராது.

முருகேசன் மாமா: அடடா, ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதரை எடுக்க ஜேசிபி சொல்லிவிட்டேனே.

ராஜி: மாமா, தயவுசெய்து விழுதியை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். இப்போதுதான் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன், குட்டிக் குட்டிக் கூம்புகளாக நெருக்கி நிறுத்தி வைத்த மாதிரி முட்டைகள். வெட்டினால் அவ்வளவும் போய்விடும்.

முருகேசன் மாமா: எனக்கு விழுதி எது என்று தெரியாதேம்மா.

ராஜி: ஆறு மணிக்கே வந்து சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன். சிவா, நீயும் வா.

முருகேசன் மாமா: சரிம்மா, துணி கட்டிய பக்கம் வண்டி போகாது.