ஈறு ஆறிவிட்டது, ஆனால் பல்லிடுக்கு பெரிதாகிவிட்டதே?

காரைக்குடிக்காரன்:
ஆத்தாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. பல் விளக்கினாலே ரத்தம் வந்ததால், ஒரு கிளினிக்கில் மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேர் வரை காரையைச் சுரண்டி எடுத்தார்கள். மூன்று வாரம் ஆச்சு, ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் முன்பல் இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு முக்கோண இடுக்கு. நேற்று அதில் சீப்புச் சீடைத் துண்டு மாட்டிக்கொள்ள, "நல்லா இருந்த பல்லைச் சுரண்டிக் கெடுத்துட்டாக" என்று ஒரே சத்தம். ஈறு திரும்ப வளருமா?

பள்ளத்தூர் ஆச்சி:
தம்பி, எனக்கும் இப்படித்தான் இருந்தது. வீங்கிய ஈறு அந்த இடுக்கை மறைத்துக்கொண்டிருந்தது, வீக்கம் வடிந்ததும் தெரிகிறது, அவ்வளவுதான். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், எனக்குச் சில வாரத்தில் குறைந்தது. இடுக்குக்கென்றே சின்ன பிரஷ் விற்கிறார்கள், வாங்கிக் கொடுங்கள்.

பல் டாக்டருக்குப் படிக்கிறவன்:
ஆச்சி சொன்னது சரி. அண்ணே, ஆறுவது வேறு, வளர்வது வேறு. சுரண்டிய பிறகு ஈறின் மேல்தோல் செல்கள்தான் முந்திக்கொண்டு வேரோரமாக இறங்கி ஒன்றிரண்டு வாரத்தில் ஒட்டிவிடும். எலும்பும், பல்லை எலும்போடு கட்டிவைக்கும் நாரும் மெதுவாக வளர்பவை, அவை வருவதற்குள் இடம் போய்விடும். செங்கல் உதிர்ந்த சுவரில் மேலே பூச்சு மட்டும் பூசியது போல. ஆனால் அந்தப் பூச்சும் சுத்தமாக வைத்திருந்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

தோல் செல் இறங்காமல் நடுவே ஒரு சவ்வு வைத்து மறித்தால் எலும்பும் நாரும் வளர அவகாசம் கிடைக்கும் என்று 1982-லேயே ஸ்வீடன்காரர்கள் மனிதப் பல்லில் காட்டிவிட்டார்கள். பன்றிக்குட்டியின் பல்முளையிலிருந்து எடுக்கும் புரத ஜெல் தடவுவதும் உண்டு (கோழி, காடை எல்லாம் சாப்பிடுகிறவர்கள்கூட இதற்கு முகம் சுளிப்பார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்). இரண்டுமே எலும்பு கிணறு மாதிரி குழிந்திருக்கும் இடத்தில்தான் நன்றாகப் பலிக்கும். எலும்பு ஒரே மட்டமாகக் கரைந்திருந்தால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. இப்போதைக்கு ஆறேழு வாரத்தில் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தை மறுபடி அளக்கச் சொல்லுங்கள், 3 மில்லிமீட்டருக்குள் வந்து ரத்தமும் இல்லையென்றால் நல்லது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஆறுவதே இழுக்கும். வெற்றிலையோடு புகையிலை போடுவார்களா?

காரைக்குடிக்காரன்:
புகையிலை கிடையாது. சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 190, அதுதான் கவலை. அளக்க அடுத்த மாதம் கூட்டிப்போகிறேன். பன்றி விஷயத்தை நான் வாயே திறக்கப்போவதில்லை, டாக்டரே சொல்லிக்கொள்ளட்டும்.