புதுப்பிப்பு: கதவு லாட்சில் ஒரே ஸ்ப்ரிங், செய்து பார்த்த பிறகு

முன்பு நான் கேட்டது இதுதான்: கார் கதவை மூடிய நிலையில் பிடித்து வைக்கும் லாட்சில், கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்ட்ரைக்கர் என்ற கம்பியைக் கவ்வும் கொக்கிக்கு ஒரு ஸ்ப்ரிங், கொக்கியைப் பிடித்து நிறுத்தும் தடுப்பு நெம்புக்கு இன்னொன்று எதற்கு? ஒரே முறுக்கு ஸ்ப்ரிங் போதாதா?

மாதிரி செய்து பார்த்தேன். இயங்குகிறது, ஆனாலும் யோசனையைக் கைவிடுகிறேன். கதவு முழுதாக மூடும்போது கொக்கி சுழன்று ஸ்ப்ரிங்கை இறுக்குகிறது. அந்த இறுக்கம் நெம்பின் மீதும் ஏறுவதால் கைப்பிடியைப் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. கதவு பாதி மூடிய நிலையிலோ நெம்பு தளர்வாக விழுகிறது. இதுதான் என்னை உறுத்தியது. கதவு சரியாகச் சாத்தப்படாதபோது உள்ளே இருப்பவரைக் காப்பது பாதி மூடிய நிலையில் விழும் அந்த முதல் பிடிதான், கார் கதவுப் பூட்டுகளுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 11 அதற்கே 4,500 நியூட்டன் தாங்குதிறன் கேட்கிறது. தவிர, அந்த ஒரு ஸ்ப்ரிங் உடைந்தால் இரண்டு வேலையும் போய்விடும்.

பலன் கிடைத்தது வேறிடத்தில். கொக்கியும் நெம்பும் சுழலும் இரண்டு அச்சு ஊசிகளையும் வெவ்வேறு விட்டத்தில் வைத்தேன். இனி கொக்கியையும் நெம்பையும் இடம் மாற்றிப் பொருத்தவே முடியாது. எல்லாப் பாகங்களும் மேலிருந்து ஒரே திசையில் இறங்குகின்றன, அவை பொருந்தும் அடித்தட்டைத் திருப்ப வேண்டியதில்லை. ஸ்ப்ரிங்கின் காலைப் பிடித்துக்கொள்ள உறையில் ஒரு வெட்டு கொடுத்ததும் குறடு தேவையற்றுப் போனது. பாகங்களைக் குறைப்பதைவிட, தவறாகப் பொருத்த முடியாதபடி செய்வதே பெரிய எளிமை என்று இப்போது நினைக்கிறேன்.

உட்கைப்பிடியை லாட்சுடன் இணைக்கும் கம்பிக்குப் பதில் கேபிள் போட்டாகிவிட்டது. அடுத்து, மூடும் சத்தத்தைக் குறைக்கக் கொக்கிக்குப் பிளாஸ்டிக் பூச்சு.