நெல்லியாம்பதி ஏற்றமும் பழைய அம்பாசடரும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

என்னிடம் இருப்பது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் அம்பாசடர். மார்ச் பிறந்தால் நம் பாலக்காட்டுப் பக்கம் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. நேர் ரோட்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கும். நெம்மாரா தாண்டி, போத்துண்டி அணையிலிருந்து மலை ஏற ஆரம்பித்தால் முதல் சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே முள் உச்சிக்குப் போய்விடும். பார்த்தவர்கள் எல்லோரும் ரேடியேட்டரை மாற்றச் சொன்னார்கள்.

நான் மாற்றவில்லை. எஞ்சின் பிளாக்கின், அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலின், பக்கவாட்டில் தண்ணீரை வடிக்க இருக்கும் டிரெயின் டேப்பைத் திறந்து பார்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கம்பி விட்டுக் குடைந்ததும் காவி நிறத்தில் சேறு, அப்புறம் வெள்ளை வெள்ளையாகச் செதில். முன்பு வைத்திருந்தவர் போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார். நம் சித்தூர் தாலுகா உப்புத் தண்ணீர் டீ போடும் பாத்திரத்தையே வெளுக்க வைக்கும், எஞ்சினை விடுமா? பிளாக்குக்குள் சுண்ணாம்பு படிந்துவிட்டால் சூடு தண்ணீருக்கே வந்து சேராது. அதற்குப் புது ரேடியேட்டர் என்ன செய்யும்?

டேப் வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை பிளாக்கைக் கழுவினோம். ரேடியேட்டரைக் கழற்றி, கீழ்வாயில் தண்ணீர் விட்டு மேல்வாய் வழியாக வெளியேற்றினோம். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றினேன்.

ரேடியேட்டர் மூடியை யாரும் கவனிப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் நல்ல மூடி இருந்தால் வெறும் தண்ணீரே 110 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். வாஷர் காய்ந்துபோன மூடியில் 100 டிகிரியிலேயே கொதித்து வழியும். நான் புதிதாகப் போட்டுவிட்டேன். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் தெர்மோஸ்டாட் வால்வையும் யாரோ ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டிருந்தார், திரும்ப மாட்டினேன். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோலும் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

இப்போது அதே ஏற்றத்தில் முள் கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றுகொள்கிறது. மேலே போனதும் உடனே ஆஃப் செய்ய மாட்டேன், சிறிது நேரம் ஐடிலில் ஓடவிடுவேன்.

வாளையாறிலிருந்து:

அண்ணா, என் பத்மினி காருக்கு வேறு கதை. செக்போஸ்ட் வரிசையில் ஊர்ந்துகொண்டே இருக்கும்போது இழுத்து இழுத்து நின்றுவிடும். முள் நடுவில்தான் இருக்கும், தண்ணீரும் குறையாது. பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தால் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ரேடியேட்டரில் கை வைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

வேண்டாம் தம்பி, அது பெட்ரோல் லைனில் ஆவி அடைப்பது. பெட்ரோலில் இருக்கும் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் வரிசையில் நிற்கும்போது அதற்குக் காற்றே கிடைக்காது. லைன் எக்ஸாஸ்ட் பக்கம் போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டு, வெப்பம் தாங்கும் உறை போடு. பம்புக்குள் இருக்கும் டயாபிரம் என்ற சவ்வையும் ரப்பர் ஹோஸையும் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குவதாக மாற்றிவிடு. பழைய ரப்பர் அதில் ஊறிக் கெட்டுவிடும். இதெல்லாம் செய்த பிறகும் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் பாயின்ட்டின் இடைவெளியையும் (கேப்), தீப்பொறி விழும் நேரத்தையும் (டைமிங்) ஒருமுறை பார்க்கச் சொல். டைமிங் பின்தங்கியிருந்தால் எக்ஸாஸ்ட் கூடுதலாகக் காயும், அந்தச் சூடும் பக்கத்தில் இருக்கும் லைனுக்குத்தான் போகும்.